மீன் தொட்டியில் கல், கட்டை, செடி: மீனுக்கா, நமக்கா?

கேள்வி, 19 ஆகஸ்ட் 2023

இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். வீடு சென்னையில், போர் தண்ணீர். செடி, கட்டை, கல் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ இதெல்லாம் பார்க்கிற மனுஷனுக்குத்தான், மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுகிறது. கொளத்தூரில் மீன் வளர்க்கிறவர்கள் வெறும் தொட்டியில்தானே வைத்திருக்கிறார்கள்? ஒரு ஃபில்டர், வேளாவேளைக்குத் தீனி. இது போதாதா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் நிஜச் செடி வரவே வராது என்று கடையிலும் சொல்லிவிட்டார்கள்.

19 ஆகஸ்ட் 2023, இரவு 10.40

போதாது. ஏன் என்று சொல்ல என் தொட்டியைத்தான் இழுக்க வேண்டும்.

2019-ல் நானும் இதே இரண்டடித் தொட்டியில் வெள்ளை மணல் பரப்பி, மூன்றே மூன்று கூழாங்கல் வைத்து, 'எவ்வளவு சுத்தமா இருக்கு பார்' என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பன்னிரண்டு நியான் டெட்ரா விட்டேன். பன்னிரண்டும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் இருந்த நான்கு விரல் இடுக்கில் போய் அடைந்துகொண்டன. தீனி போட்டால் வந்து கொத்திவிட்டு ஓட்டம். சோஃபாவில் உட்கார்ந்து பார்த்தால் மணல்தான் தெரியும். வீட்டுக்கு வந்த ஒருவர், "மீன் இனிமேதான் வாங்கணுமா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு வேர்க்கட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். ஒளிய இடம் கொடுத்தால் இன்னும் அதிகமாக ஒளியும் என்றுதான் நினைத்தேன். நடந்தது தலைகீழ். மூன்றாம் நாளே கூட்டமாகத் தொட்டியின் நடுவுக்கு வந்துவிட்டன. ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் வெளியே வருகிறது. தெருவில் விளையாடுகிற குழந்தை நடுநடுவே திரும்பி வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

வெள்ளை மணலில் இன்னொரு தொல்லை. அடி வெளிறியிருந்தால் பல மீன்கள் தங்கள் நிறத்தையும் இறக்கிக்கொள்ளும். கருப்பு அடி, கருப்புப் பின்னணி என்றால் நிறம் ஏறும். என் தொட்டியின் பின்பக்கம் இப்போது ஒட்டியிருப்பது சாதாரணக் கருப்பு சார்ட் பேப்பர். அதற்கு முன்னால் ஒட்டியிருந்தது பவளப்பாறை போஸ்டர். அமேசான் ஆற்று மீனுக்குப் பின்னால் பவளப்பாறை! அப்போது ஒரு உறுத்தலும் இல்லை.

19 ஆகஸ்ட் 2023, இரவு 11.15

கொளத்தூரை மறந்துவிட்டேன். அவர்கள் வளர்ப்பது விற்க. ஒரு தொட்டியில் நூற்றுக்கணக்கில் மீன் இருக்கும், தினமும் அடியிலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு வெறும் அடிதான் வசதி. பிரியாணி மாஸ்டரின் அடுப்படியைப் பார்த்துவிட்டு வீட்டுச் சமையலறை கட்ட முடியாது.

20 ஆகஸ்ட் 2023

கல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் அதிகம் அடிபட்ட இடம் இதுதான்.

2020-ல் ஊரடங்கு. வீட்டுச் சமையலறையில் அலமாரி போட்டபோது மிஞ்சிய கடப்பாக் கல் துண்டுகள் மொட்டைமாடியில் கிடந்தன. கருகருவென்று, உடைத்தால் ஏடு ஏடாக வரும். சுத்தியலால் உடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினேன். மலைச்சரிவு மாதிரியே வந்தது. எனக்குத் தெரிந்து நான் செய்த அமைப்புகளிலேயே அழகானது அதுதான், இன்றைக்கும் அந்தப் போட்டோ ஃபோனில் இருக்கிறது.

டெட்ரா உப்பு குறைந்த மென்னீர் கேட்கிற மீன், அதற்காக வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றும்போது டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 60. இரண்டு வாரம் கழித்து 130. ஐந்தாவது வாரம் 240. மீட்டர் கெட்டுவிட்டது என்று புது மீட்டர் வாங்கினேன். அதுவும் 240 காட்டியது. கடப்பாக் கல் ஒரு சுண்ணாம்புக்கல் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. போதாக்குறைக்கு அப்போது சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வேறு விட்டுக்கொண்டிருந்தேன். அது தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும், அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஒரு கையால் மென்னீர் ஊற்றி மறு கையால் அதைக் கடினநீராக்கிக்கொண்டிருந்தேன்.

கடையில் வாங்கினாலும் தெருவில் பொறுக்கினாலும் கல்லை முதலில் சோதித்துவிடுங்கள். ஆணியால் ஒரு மூலையை அழுத்திக் கீறி, உதிர்கிற பொடிமேல் இரண்டு சொட்டு வினிகர். நுரை பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. கல்லின் மழுங்கிய பக்கத்தில் ஊற்றினால் சில நேரம் ஒன்றும் தெரியாது, பொடியில்தான் தெரியும். காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல, அதைவிடச் சன்னமாக. கருங்கல் ஜல்லி, ஆற்றுக் கூழாங்கல், செங்கல் நிற எரிமலைக்கல் ஆகியவை பெரும்பாலும் சும்மா இருக்கும். பளிங்கு, கிளிஞ்சல், சங்கு, பவளத்துண்டு எல்லாம் கரையும்.

20 ஆகஸ்ட் 2023, பிற்பகல்

கல்லைச் சும்மா மணல்மேல் வைக்காதீர்கள். பெரிய கல்லை முதலில் கண்ணாடி அடியில் ஒரு தெர்மகோல் துண்டின்மேல் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். மணல்மேல் வைத்தால் அடியில் மீன் தோண்டும், கல் சரியும். சரிந்த கல் கண்ணாடியில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

22 ஆகஸ்ட் 2023

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். கேள்வி கேட்டவர் போர் தண்ணீர்க்காரர், நான் ஆர்.ஓ. கதையைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டேன். போர் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்திருக்கும், அதில் கடப்பாக் கல் இன்னும் கரைவதற்குப் பெரிதாக இடமில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கல் கிடந்தால் தாராளமாக வைக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பதானால் அவற்றுக்குக் கடினநீர்தான் பிடிக்கும். மோலியை ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால்தான் சிக்கல், உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும்.

நான் செய்த தப்பு கல்லில் இல்லை, வரிசையில் இருந்தது. முதலில் மீனை முடிவு செய்தேன், அப்புறம் அந்த மீனுக்காகத் தண்ணீரை மாற்றினேன், அப்புறம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று கல்லை வைத்து அந்தத் தண்ணீரைக் கெடுத்தேன். குழாயில் என்ன வருகிறதோ அதிலிருந்து ஆரம்பித்திருந்தால் மூன்று டெட்ரா செத்திருக்காது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இருக்கிறான் என் மச்சான். அவன் எந்தச் சிரமமும் இல்லாமல் டெட்ரா வளர்க்கிறான். மோலி வாங்கினால்தான் அவனுக்குத் தலைவலி. தண்ணீர் ஜாதகம் அப்படி.

27 ஆகஸ்ட் 2023

'அமைப்பை எப்படித் திட்டமிடுவது, ஏதாவது கணக்கு உண்டா?' என்று கேள்வி கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார். உண்டு. ஆனால் அதற்கு முன் தகாஷி அமானோ பற்றி நாலு வரி.

இந்தக் கலையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைக் கை காட்டச் சொன்னால் பெரும்பாலோர் அவரைத்தான் காட்டுவார்கள். ஜப்பானில் நீகாட்டாவில் 1954-ல் பிறந்தவர். சைக்கிள் பந்தய வீரராக இருந்தார், அப்புறம் காடுகளைப் படமெடுக்கிற புகைப்படக்காரர், 1982-ல் தொட்டித் தாவரங்களுக்கென்றே நிறுவனம் தொடங்கினார். 2015-ல் லிஸ்பன் நகரத்து மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு நன்னீர்த் தொட்டியை அமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இறந்துபோனார். பாசி தின்னும் ஒரு வகை இறாலைத் தொட்டிக்குள் பரவலாக்கியவரும் அவர்தான். அந்த இறாலுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

கல்லையே பிரதானமாக வைத்து அமானோ தொட்டிக்குள் பரவலாக்கிய அமைப்புக்கு ஜப்பானியர் 'இவாகுமி' என்கிறார்கள். கற்கள் ஒற்றைப்படையில். பெரிய கல் 'ஒயாய்ஷி', அதற்குத் துணையாகச் சற்றுச் சிறியது, அப்புறம் உதிரிகள். கடைசி உதிரிக்கு 'சுதேய்ஷி' என்று பெயர், விட்டுக்கொடுக்கிற கல். செடி வளர்ந்து மூடி அது காணாமல் போகும், போகட்டும் என்று தெரிந்தே வைக்கிற கல். இந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அமானோவைப் பிடிக்கும்.

இப்போது கணக்கு. தொட்டியின் நட்ட நடுவில் எதையும் வைக்காதீர்கள். ஓவியத்தில் பொன் விகிதம் (golden ratio) என்பார்களே, அந்தக் கணக்குப்படி 24 அங்குலத்தை 2.618-ஆல் வகுத்தால் 9.2 வரும். இடப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ சுமார் 9 அங்குலத்தில் முக்கியமான கல்லோ கட்டையோ நிற்கட்டும். மணல் முன்னால் ஒரு அங்குலம், பின்னால் மூன்று நான்கு அங்குலம் என்று ஏறட்டும். ஒரு அடி ஆழமுள்ள தொட்டி இரண்டு அடிபோலத் தோன்றும். ஒரு வழி விடுவதானால் முன்னால் அகலமாகவும் பின்னால் போகப்போகக் குறுகலாகவும் விடுங்கள். பெரிய இலை முன்னால், பொடி இலை பின்னால்.

அந்த மணல் மேடு இரண்டு மாதத்தில் தட்டையாகிவிடும், எல்லோருக்கும் ஆகும். வெங்காயம் வருகிற வலைப்பையில் ஜல்லியைக் கட்டி அடியில் போட்டு, அதன்மேல் மணலைக் கொட்டினால் நிற்கும். பையில் பூச்சிமருந்து ஏதும் படாமல் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும்.

27 ஆகஸ்ட் 2023, இரவு

மேலே அமானோவைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது விசித்திரம்தான். என் 2019 தொட்டி, அந்த மூன்று கல், வெள்ளை மணல், அதுவும் இவாகுமியைப் பார்த்துக் காப்பியடித்ததுதான். அவர் தொட்டியில் தரை முழுக்கச் செடி விரித்திருக்கும், அதை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். புளி இல்லாமல் ரசம் வைத்த மாதிரி.

2 செப்டம்பர் 2023

கட்டை மிதக்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். மிதக்கும். உலர்ந்த கட்டைக்குத் தண்ணீர் குடிக்க நாளாகும். பெரிய பாத்திரத்தில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேக வையுங்கள். (என் வீட்டில் இதற்கு இட்லிக் குண்டானை எடுத்ததால் வந்த பிரச்சினை இன்னும் தீரவில்லை. தனிப் பாத்திரம் வாங்கிவிடுங்கள்.) வேக வைத்த தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் வரும். அது டானின், விஷமில்லை. அப்புறம் ஒரு வாரம் பக்கெட்டில் ஊறட்டும், மேலே ஒரு கல்லை ஏற்றி. அப்படியும் மிதந்தால் அடியில் ஒரு கருங்கல் பலகையை வைத்து துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போட்டு முடுக்கலாம்.

தொட்டிக்குள் போன இரண்டாம் வாரம் கட்டைமேல் வெள்ளையாக, மூக்குச்சளி மாதிரி ஒரு படலம் வரும். பதறிக்கொண்டு கட்டையை எடுத்து வீசியவர்களை எனக்குத் தெரியும். பல்துலக்கும் பிரஷ் போதும். ஒன்றிரண்டு மாதத்தில் தானே போய்விடும், மோலியும், அடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் பிளெக்கோ மீனும் அதைத் தின்னவும் செய்யும்.

வீசவேண்டிய கட்டை எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போனபோது கிணற்று மேட்டில் அழகான வேர் ஒன்று கிடைத்தது. வெளியே காய்ந்திருந்தது, உள்ளே பச்சை. மூன்றாவது வாரம் தொட்டியின் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கட்டையை அழுத்தினால் விரல் உள்ளே போனது. பால், பிசின் வடிகிற மரம் வேண்டாம், பச்சை வாசம் வேண்டாம். நகத்தால் கீறினால் எலும்பு மாதிரி இருக்க வேண்டும்.

10 செப்டம்பர் 2023

சிலிண்டர் இல்லாமல் செடி வராது என்பது பாதி உண்மை. தரையில் புல்வெளி மாதிரி விரிகிற பொடிச் செடிகளும் ரத்தச் சிவப்புத் தண்டுச் செடிகளும் சிலிண்டர் இல்லாமல் பெரும்பாலும் ஏமாற்றும். மற்றவை வரும்.

என் தொட்டியில் சிலிண்டர் இல்லை. சர்க்கரை பாட்டிலையும் 2021-ல் நிறுத்திவிட்டேன், ஒரு நாள் அது பொங்கி தொட்டிக்குள்ளேயே ஈஸ்ட்டைத் துப்பியது. இப்போது இருப்பவை: கட்டையில் ஒட்டிய ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், ஜாவா மாஸ். மணலில் கிரிப்டோகோரைன். பின்வரிசையில் வாலிஸ்னேரியா. வாலிஸ்னேரியா போர் தண்ணீர்க்காரர்களுக்கு வரப்பிரசாதம். மற்ற பல செடிகள் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடுக்கு ஏங்கும்போது இது கடினநீரில் இருக்கிற பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். நாம் எதைக் குறை என்று நினைக்கிறோமோ அதைத் தின்று வளர்கிறது. மூன்றே மாதத்தில் நாடா நாடாக மேலே போய் நீர்ப்பரப்பில் படுத்துவிடும்.

அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் இஞ்சி மாதிரிப் படுத்திருக்கும் தண்டு ஒன்று உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகும். நான் புதைத்தேன், கடைக்காரரும் அப்படித்தான் நட்டுக் கொடுத்தார். கட்டையில் தையல் நூலால் கட்டுங்கள், இல்லையென்றால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு. தண்ணீர் பட்டதும் இறுகி வெள்ளையாகிவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

கிரிப்டோகோரைனில் வெண்டி என்கிற வகை இலங்கையைச் சொந்த ஊராகக் கொண்டது. நட்ட பத்தாம் நாள் இலையெல்லாம் கூழாகிக் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். இடம் மாறினால் அது அப்படித்தான் கோபித்துக்கொள்ளும். வேர் உயிரோடு இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் புது இலை விடும். நான் முதல் முறை பிடுங்கிக் குப்பையில் போட்டேன். வேர் வெள்ளையாக, நல்லதாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மணலுக்கு அடியில் ஒரு அங்குலம் செம்மண் போடலாம். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி பரவலாக்கிய வழி இது, மண்மேல் மணல். எரு கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். ஒருமுறை நட்ட செடியை மறுபடி பிடுங்கக் கூடாது. பிடுங்கினேன். ஹாலில் இருந்த தொட்டிக்குள் காவிரிப் புதுவெள்ளம் வந்தது.

11 செப்டம்பர் 2023

பிளாஸ்டிக் செடி வைத்தால் பாவமா என்று ஒருவர் கேட்டார். பாவமில்லை. பழைய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் ஃபைட்டர் மீனின் துடுப்பும் மாட்டும். மாட்டவில்லையென்றால் வையுங்கள். கோல்ட்ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு நான் பிளாஸ்டிக்கையே சொல்வேன், அது எந்தச் செடியையும் சாலட் என்றுதான் பார்க்கும்.

17 செப்டம்பர் 2023

நத்தை. செடியோடு வரும். நடுவதற்கு முன் படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். முட்டை ஒட்டிய இலை இருந்தால் கிள்ளி எறியுங்கள். இரண்டு மூன்று தப்பித்தால் தப்பிக்கட்டும், மிச்சத் தீனியைத் தின்றுவிட்டுப் போகும். நத்தை பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

8 அக்டோபர் 2023

இன்று கொளத்தூர் போய்விட்டு வந்தேன். ஆகஸ்ட்டில் நான் அடித்த பிரியாணி மாஸ்டர் உவமையை வாபஸ் வாங்குகிறேன், கொஞ்சமாவது.

ஏஞ்சல் மீன் வளர்க்கிற ஒருவர் தன் தொட்டிகளைக் காட்டினார். அடியில் மணல் இல்லை, செடி இல்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஜோடித் தொட்டியிலும் ஒரு டைல் துண்டு சாய்த்து வைத்திருந்தது. ஏஞ்சல் அதில்தான் வரிசை வரிசையாக முட்டை வைக்கும், செங்குத்தான இலை என்று நினைத்துக்கொண்டு. அடுத்த தொட்டியில் பச்சை நைலான் நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், முட்டை ஒட்டுவதற்கு. பிளெக்கோ தொட்டியில் மண் குழாய். "சும்மா வச்சா முட்டை போடாதுங்க" என்றார்.

ஆக, வெறும் தொட்டி என்று நாம் பார்ப்பது வெறும் தொட்டி இல்லை. மீனுக்கு எது தேவையோ அது ஒன்று மட்டும் இருக்கிறது. நமக்கு அது அழகாக இல்லை, அவ்வளவுதான். முதல் கேள்விக்கு இது பதிலா, கேள்வி கேட்டவர் பக்கம் சாய்கிற சாட்சியா என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன். இரண்டு பக்கமும் பேசுகிறது.

19 நவம்பர் 2023

பாதாம் இலை. நம் தெருவோரங்களில் குடை குடையாக நிற்கிற நாட்டு வாதுமை மரம், கடையில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், கீழே உதிர்ந்தால் சும்மா. பழுத்து, பழுப்பாகி, தானாக விழுந்த இலையாக எடுங்கள். கழுவி வெயிலில் காய வைத்து, இருபது லிட்டருக்கு ஒன்று. இரண்டு நாளில் மூழ்கும். தண்ணீர் தேன் நிறமாகும். இறால், குஞ்சு மீன், ஃபைட்டர் எல்லாவற்றுக்கும் கொண்டாட்டம். இலை மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சி லேஸ் துணி மாதிரி ஆகும், அந்த நிலையில்தான் அழகே.

இதைப் போட்டால் பி.எச். இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மென்னீரில் இறங்கும். நம் போர் தண்ணீரில் பத்து இலை போட்டாலும் அசையாது, அதில் இருக்கிற கார்பனேட் விடாது. நிறத்துக்காகவும் நிழலுக்காகவும் போடுங்கள்.

எதிர்வீட்டு மரத்தடியில் காலை ஆறரைக்கு நான் இலை பொறுக்குவதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன், "சார், பெருக்குறதுக்கு ஆள் வராங்க, நீங்க ஏன்?" என்றார்.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தொட்டி பிழைத்தது. எப்படி என்று எழுதி வைக்கிறேன், அடுத்த டிசம்பருக்கு உதவும்.

செடி இருக்கிறதே, ஆக்சிஜன் கொடுக்கும் என்று நம்பியிருந்தேன். வெளிச்சம் இருந்தால்தான் கொடுக்கும். இருட்டில் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். புயல் மேகத்தில் பகலே இருட்டு. இரண்டாம் நாள் காலை மீனெல்லாம் மேலே வந்து வாய் திறந்தன. மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், மணிக்கு ஒரு தடவை ஐம்பது மக். பையனும் நானும் முறை வைத்து. தீனி நிறுத்தியாச்சு. பக்கத்துத் தெருவில் ஒருவர் பேட்டரி ஏர் பம்ப் கொடுத்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே போடாதீர்கள். மூன்று நாள் மூடிக் கிடந்த ஃபில்டருக்குள் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா செத்து நாறியிருக்கும், போட்டவுடன் அந்தக் கழிவு முழுக்கத் தொட்டிக்குள் வரும். ஸ்பாஞ்சை, பக்கெட்டில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும். அப்புறம் ஒரு வாரம் புதுத் தொட்டி மாதிரிப் பாவித்து, கொஞ்சமாகத் தீனி, ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றம்.

அழகுபடுத்துவது பற்றிய பேச்சில் இது எங்கே வந்தது என்று கேட்கலாம். செடி அடர்ந்த தொட்டிக்கு இந்த ஆபத்து அதிகம், அதனால்தான்.

21 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். கடப்பாக் கல்லையே வைத்துவிட்டார்! நன்றாகவே இருக்கிறது. ஆனால் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பொடி, 'தொட்டி நாசமாயிடுச்சு' என்கிறார். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் அது வரும், விரலால் துடைத்தால் போகிற பாசி, தானே ஓயும். பச்சை நூல் பாசி வந்தால் விளக்கு அதிகம் என்று அர்த்தம். பன்னிரண்டு மணி நேரம் விளக்கு எரிகிறதாம். ஆறு மணி நேரம் போதும். டைமர் வாங்கி மாலை நாலு முதல் பத்து வரை வைத்தால் நீங்கள் வீட்டில் இருக்கும்போது தொட்டியும் விழித்திருக்கும்.

12 மே 2024

அக்னி நட்சத்திரம். தொட்டித் தண்ணீர் 32.5 டிகிரி. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே ஆக்சிஜன் பிடிக்கும், 32-ல் அது 7.3-தான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. ஜாவா மாஸ் நுனியெல்லாம் பழுப்பு.

மூடியை எடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து வைத்தேன். 30-க்கு வந்தது. ஆவியாகித்தான் குளிர்கிறது, அதனால் தினமும் ஒன்றரை லிட்டர் குறைகிறது. குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஜூனில் கடல் மீன் வாங்கிவிடலாம்.

நியான் டெட்ராவை நான் 2022-லேயே விட்டுவிட்டேன். சென்னை வெயிலுக்கு அதைவிட கார்டினல் டெட்ரா பரவாயில்லை. அதையும்விட நம் ஊர்க் குளத்து மீன். நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு மேற்பரப்பில் திரியும் பாஞ்சாக்ஸ் நான்கு வைத்திருக்கிறேன். மூடி எடுத்த அன்றே ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது, பையன் பார்த்ததால் பிழைத்தது. இப்போது மேலே கொசுவலைத் துணி.

மாற்றி எடுக்கிற பழைய தண்ணீர் மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கு. அம்மாவைப் பொறுத்தவரை இந்தத் தொட்டியால் வீட்டுக்கு வந்த ஒரே லாபம் அதுதான்.

23 ஜூன் 2024

இந்தக் கேள்வி-பதில் ஆரம்பித்து பத்து மாதம் ஆகிறது, ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன்.

என் புதர்மூக்கு (bushynose) பிளெக்கோ ஜோடிக்கென்று கொட்டாங்குச்சியைத் தேய்த்து மழமழப்பாக்கி, வாசல் வெட்டி, மேலே ஜாவா மாஸ் ஒட்டி, 9 அங்குலக் கணக்கில் கட்டைக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். நாலு மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் பையன், நான் 2016-ல் வாங்கி வெட்கப்பட்டுப் பரணில் போட்ட நீல பிளாஸ்டிக் கோட்டையைத் தேடி எடுத்துவந்து, 'ஒரே ஒரு நாள்ப்பா' என்று கெஞ்சித் தொட்டிக்குள் வைத்தான். சரி, சாயம் போகிறதா என்று ஒரு நாள் பக்கெட்டில் ஊற வைத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டேன்.

ஆண் பிளெக்கோ அன்று ராத்திரியே கோட்டைக்குள் போனது. இப்போது நான்கு நாளாக வெளியே தலையே காட்டவில்லை. இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த கோபுரத்துக்குள் மஞ்சள் முட்டைக் கொத்து, அது துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது. குஞ்சு பொரித்துப் பெரிதாகும்வரை கோட்டையை எடுக்க முடியாது. அதற்கு முன்னால் கொஞ்சம் வாலிஸ்னேரியாவை நட்டு மறைக்கப் பார்க்கிறேன், பையன் வேண்டாம் என்கிறான்.